வழக்கொழிந்த உதிரிகள்: கரிசல் மண்ணிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

கழுகுமலை பற்றிய கட்டுரை என்றதும், மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியையும் சமணத் திருமேனிகளின் வரிசைகளையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் எதிர்பார்த்து வரும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அவற்றுள் சில இக்கட்டுரையிலும் வரும். ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஒரு கருவி இன்னும் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் இருக்கும் ஒரு சிறு மின்னணு உறுப்பைச் செய்துவந்த ஆலை அதை நிறுத்திவிடுகிறது. அப்போது கருவியை வடிவமைத்தவனும், உறுப்பை வாங்கித் தரும் பொறுப்பில் இருப்பவனும், கருவியை நம்பியிருப்பவனும் என்ன செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் எழுபது ஆண்டு வரலாறு உண்டு.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். வழக்கொழிதல் என்பதே நம் இலக்கணக்காரர்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் பொருள். பழஞ்சொற்கள் உதிர்வதையும் புதுச்சொற்கள் நுழைவதையும் நன்னூலார் குற்றமாகக் கொள்ளவில்லை. காலத்தின் இயல்பு என்றே கொண்டார். சொல் உதிர்ந்தால் வேறு சொல் அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். மின்னணு உறுப்பு உதிர்ந்தால் வேறோர் உறுப்பு அந்த இடத்தில் எளிதில் அமர்வதில்லை. தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

இனி வெட்டுவான் கோயிலுக்கு வருவோம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில், மலையைச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவே விட்ட பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்த ஒற்றைக்கற்றளி அது. அடிப்பகுதி முற்றுப்பெறவே இல்லை. கற்களை அடுக்கிக் கட்டிய கோயிலில் ஒரு கல் உடைந்தால் அதை எடுத்துவிட்டு வேறு கல்லை வைக்கலாம். ஒற்றைக்கல்லில் அது இயலாது. தூணும் சுவரும் சிகரமும் ஒரே உடல். இன்று நம் கைப்பேசிக்குள்ளும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளும் இருக்கும் சில்லுகளை மேலைநாட்டுப் பொறியாளர்கள் 'மோனோலித்திக்' என்று அழைக்கிறார்கள். கிரேக்க மொழியில் அதன் பொருள் ஒற்றைக்கல் என்பதே. 1958-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பியும், 1959-இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ராபர்ட் நாய்சும் பல உறுப்புகளை ஒரே துண்டில் ஆக்கும் வழியைக் கண்டனர். கில்பியின் முதற்படைப்பில் உறுப்புகளை இணைக்கும் கம்பிகள் வெளியே தொங்கின. நாய்சின் முறையில் இணைப்புகளும் சிலிக்கன் கல்லின் மேலேயே படிந்தன. உண்மையான ஒற்றைக்கற்றளி நாய்சுடையதுதான். அதன் பெருமைகளோடு, ஓர் உறுப்பை மட்டும் மாற்ற முடியாது என்ற குறையும் அன்றே உடன் பிறந்துவிட்டது.

வால்வும் ஜெர்மானியமும்

பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954-இல் நிறுவப்பெற்றது. 1956-இல் தகவல்தொடர்புக் கருவிகள் சிலவற்றின் உற்பத்தி தொடங்கியது. வானொலிப் பெட்டிகளுக்கான வால்வுகளை அந்நிறுவனம் செய்யத் தொடங்கியது 1961-இல். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைச் செய்யத் தொடங்கியது 1962-இல். இவ்விரண்டு ஆண்டுகளையும் அன்பர்கள் ஒருமுறை சேர்த்துப் பார்க்க வேண்டும். வால்வை வீட்டுக்கு அனுப்பப் பிறந்த டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நாம் வால்வுக்கு ஆலை திறந்த அடுத்த ஆண்டே அதன் எமனுக்கும் ஆலை திறந்தோம். அந்த எமனுக்கும் அப்போது மேல்நாட்டில் ஓர் எமன் வந்துவிட்டான். 1954-லேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சிலிக்கன் டிரான்சிஸ்டரை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் சிலிக்கனுக்கு வந்தது 1967-இல்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வேறு வழி இருந்திருக்க முடியாது என்பதே நம் கருத்து. அந்நியச் செலாவணி தட்டுப்பாடான காலம். நாட்டில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் எல்லாம் வால்வுப் பெட்டிகள். அவற்றுக்கு மாற்று வால்வு வேண்டும். புதியதைத் துரத்துபவன் ஏற்கெனவே இருப்பதை அநாதையாக விட்டுவிட முடியாது. வழக்கொழிதலை எதிர்கொள்வதன் முதற்பாடம் இதுவே: கருவியின் ஆயுளும் உறுப்பின் ஆயுளும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. வானொலிப் பெட்டி வாங்கும் குடும்பம் அதை இருபது ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருக்கும். உறுப்பைச் செய்யும் ஆலைக்கு அத்தனை பொறுமை கிடையாது.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியபோது கரிசல் காட்டு ஊர்களில் வானொலி என்பது பெரும்பாலும் ஊராட்சி மன்றக் கட்டடத்தில் ஒலிபெருக்கியோடு கட்டிவைத்த பொதுப்பெட்டிதான். மாலையில் அதன் முன்னே கூட்டம் கூடும். வால்வு சூடேறும்வரை காத்திருந்து, பிறகு வரும் இரைச்சலுக்குள் குரலைத் தேடிப் பிடித்த தலைமுறை அது. வால்வுப் பெட்டியில் ஒரு வசதி இருந்தது. வால்வு ஒரு குழியில் செருகப்பட்டிருக்கும். பழுதானால் கையால் பிடுங்கிக் கோவில்பட்டிக் கடைவீதிக்கு எடுத்துச்சென்று, அதே எண்ணுள்ள வேறொன்றை வாங்கிவந்து செருகிவிடலாம். எண் மாறாதவரை எந்த நிறுவனம் செய்தது என்பது பொருட்டன்று.

டிரான்சிஸ்டர் வந்ததும் செருகுகுழி போயிற்று. ஈயப்பற்று வைத்து இணைக்கும் முறை வந்தது. ஆயினும் மூன்று கால்கள்தாமே. மெக்கானிக்குகள் 'ஈக்விவலண்ட்' புத்தகம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். இன்ன எண்ணுள்ள டிரான்சிஸ்டர் கிடைக்காவிட்டால் இன்னதைப் போடலாம் என்று பத்தி பத்தியாக அச்சிட்ட நூல் அது. நிகண்டு பயின்றவர்களுக்கு அதைப் பார்த்தவுடன் ஓர் உறவு தோன்றும். ஒரு பொருளுக்குப் பல சொல் என்று திவாகரம் அடுக்குவதைப் போன்ற அமைப்பு.

ஆனால் ஒருபொருட் பன்மொழி என்பது முழுமையாக உண்மையாவதில்லை என்று மொழியியலார் சொல்வது மின்னணுவுக்கும் பொருந்தும். ஏ.சி. 128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் அக்காலப் பெட்டிகளில் ஒலியைப் பெருக்கும் இடத்தில் இருந்தது. அது மறைந்த பிறகு அந்த இடத்தில் சிலிக்கனை அப்படியே போட்டால் பாட்டு கரகரக்கும். ஜெர்மானியம் விழித்துக்கொள்ள 0.2 அல்லது 0.3 வோல்ட் போதும். சிலிக்கனுக்கு 0.6-க்கு மேல் வேண்டும். ஆகவே பக்கத்திலிருக்கும் தடைகளின் மதிப்பையும் மாற்றியாக வேண்டும். ஒன்றை மாற்றப் போய் நான்கை மாற்றும் வேலை அது. இன்று பெரிய நிறுவனங்களில் 'மறுவடிவமைப்பு' என்று கோப்புப் போட்டுப் பல இலட்சம் செலவில் செய்யும் காரியத்தின் சிறுவடிவத்தை நம் ஊர் மெக்கானிக்குகள் மர நாற்காலியில் அமர்ந்தபடி செய்திருக்கிறார்கள்.

உறுப்பு எவ்வாறு மறைகிறது

ஒருங்கிணைந்த சுற்று, அதாவது மெக்கானிக் மொழியில் 'ஐ.சி.', பரவிய பிறகு நிலைமை கடுமையாயிற்று. ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களைத் தன்னுள் அடக்கிய ஒற்றைக்கல்லுக்கு நிகரானது அதுவே. வேறு நிறுவனம் அதே போல ஒன்றைச் செய்தாலன்றி மாற்று இல்லை.

ஆலைகள் ஓர் உறுப்பை நிறுத்தும் முறைக்கு ஒரு நடைமுறை உண்டு. வாடிக்கையாளருக்கு முன்னறிவிப்பு அனுப்புவார்கள். அறிவித்த நாளிலிருந்து பொதுவாக ஆறு மாதத்துக்குள் கடைசி ஆர்டரைத் தரவேண்டும். ஓராண்டுக்குள் சரக்கு வந்துசேரும். அத்தோடு கதை முடிந்தது. இந்தக் கடைசி வாய்ப்பில் மொத்தமாக வாங்கிக் குவிப்பதை இறுதிக் கொள்முதல் எனலாம். எத்தனை வாங்குவது? இங்கே ஒரு நிறுவனத்தின் அத்தனை ஜாதகங்களும் வெளிப்பட்டுவிடும். கருவி இன்னும் எத்தனை ஆண்டு விற்கும், விற்றவற்றில் எத்தனை பழுதாகும் என்று யாரேனும் ஊகித்தாக வேண்டும். குறைவாக வாங்கினால் உற்பத்தி நிற்கும். மிகுதியாக வாங்கினால் பணம் அலமாரியில் முடங்கும். அலமாரியிலும் அவை சும்மா கிடப்பதில்லை. கால்கள் களிம்பேறி ஈயம் ஒட்ட மறுக்கும். பிளாஸ்டிக் உறை காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பற்றவைக்கும் சூட்டில் வெடித்துப் பிளக்கும். மின்பகுபொருள் அடைத்த கண்டென்சர் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலே கெடும்.

கரிசல் விவசாயிக்கு இது புதிய செய்தியன்று. கருங்கண்ணிப் பருத்தி ஒருகாலத்தில் இந்நிலத்தின் பெருமை. 1901 முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து பல தேர்வு இரகங்களை வளர்த்தெடுத்தது. மானாவாரியில் தாக்குப்பிடிக்கும் செடிதான். ஆனால் நீண்ட இழை கேட்கும் ஆலைகள் பெருகியபின் வாங்குவார் குறைந்தனர். வாங்குவார் குறைந்ததும் விதைப்பார் குறைந்தனர். அப்போது விதையைப் பானையில் போட்டு மூடிவைத்தால் மட்டும் போதாது. சில ஆண்டுகளில் முளைப்புத்திறன் போய்விடும். யாரேனும் ஒருவர் ஒரு மூலையிலாவது தொடர்ந்து விதைத்து அறுத்தால்தான் அந்த இரகம் உயிரோடிருக்கும். சேமிப்பும் உற்பத்தியும் ஒன்றல்ல என்பதைக் கொள்முதல் அதிகாரிகளுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

சேமிப்பு தீர்ந்த பிறகு தரகர் சந்தை. அமெரிக்காவின் நாசாவே அங்கே போய் நின்ற கதை உண்டு. விண்ணோடத்தின் ஊக்கி ராக்கெட்டுகளைத் தரையில் சோதிக்கும் கருவிகளில் 1978-இல் வெளிவந்த இன்டெல் 8086 சில்லுகள் இருந்தன. மாற்றுச் சில்லு கிடைக்காமல், பழைய மருத்துவக் கருவிகளை வாங்கிப் பிரித்தும், ஈபே போன்ற இணைய ஏலத் தளங்களில் தேடியும் நாசா அவற்றைச் சேகரித்த செய்தி 2002-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்தது. சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. விண்ணோடம் முதலில் பறந்தது 1981-இல். கடைசியாகப் பறந்தது 2011-இல். முப்பதாண்டு உழைத்த ஊர்திக்கு ஈடுகொடுக்கும் ஆயுள் எந்தச் சில்லுக்கும் விதிக்கப்படவில்லை.

தரகர் சந்தையில் போலிகளும் உண்டு. குப்பைப் பலகைகளிலிருந்து சூடாக்கிக் கழற்றிய சில்லின் முகத்தைத் தேய்த்து, கருப்புப் பூச்சு பூசி, புதிய எண்ணும் புதிய தேதியும் அச்சிட்டு விற்பார்கள். அமெரிக்க செனட் அவையின் படைத்துறைக் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 1,800 நிகழ்வுகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐயத்துக்குரிய உறுப்புகள் அந்நாட்டின் பாதுகாப்புக் கருவிகளின் விநியோகச் சங்கிலிக்குள் நுழைந்ததாகக் கூறியது. குறைந்த விலைப்புள்ளிக்கே ஆர்டர் என்ற விதி எங்கெல்லாம் இறுக்கமாக இருக்கிறதோ, அங்கெல்லாம் போலிக்கு வாசல் திறந்தே இருக்கும். அசல் ஆலை நிறுத்திவிட்ட பொருளுக்கு அசல் ஆலை விலைப்புள்ளி தர முடியாதல்லவா?

இடையில் ஈயம் என்றோர் உபகதை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைத் தடைசெய்தது. உடல்நலம் கருதிய நல்ல சட்டம்தான். ஆனால் உலகச் சந்தையே ஐரோப்பாவைப் பின்பற்றியதால், காரீயம் கலந்த பூச்சுடைய கால்களோடு வந்த எண்ணற்ற உறுப்புகள் ஒரே வீச்சில் மறைந்தன. விண்வெளிக் கருவிகளுக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது, விற்பாரைக் காணோம். காரீயம் நீங்கிய தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரிழை போன்ற உலோக இழைகள் தாமே முளைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்கும் நோயும் பெரிதாகப் பேசப்பட்டது. 1998-இல் கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோள் முடங்கியதற்கு இத்தகைய இழைகளே காரணம் எனப்பட்டது. நம் வீட்டு ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். ரசத்துக்கு அதனால் தீங்கில்லை என்பதை அன்பர்கள் மனத்தில் கொள்க.

எல்லா உறுப்புகளும் இவ்வாறு மறைவதில்லை. 555 என்ற நேரங்காட்டிச் சில்லு, ஹான்ஸ் காமென்சிண்டு என்பவர் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தது. 1972-இல் சந்தைக்கு வந்தது. இன்றும் கடைகளில் கிடைக்கிறது. சிக்னெட்டிக்ஸ் மறைந்துவிட்டது, 555 மறையவில்லை. பல ஆலைகள் அதைச் செய்தன என்பதே காரணம். 1981-இல் ஐ.பி.எம். தன் கணிப்பொறிக்கு இன்டெல் சில்லைத் தேர்ந்தபோது, அதைச் செய்ய இன்னோர் ஆலையும் வேண்டும் என்று வற்புறுத்தியது. ஏ.எம்.டி. நிறுவனத்துக்கு அந்த உரிமை 1982-இல் கிடைத்தது அதனால்தான். திறமையான வடிவமைப்பாளர் சில்லின் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் அதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று பார்ப்பார். நடைமுறையில் பொறியாளர் குணங்களைப் பார்த்துத் தேர்வுசெய்வதும், கொள்முதல் பிரிவு விலையைப் பார்த்து வாங்குவதும், ஆயுளை யாரும் பாராதிருப்பதுமே வழக்கம். மூல ஆலைகளிடமிருந்து எஞ்சிய சரக்கையும் உற்பத்தி உரிமையையும் முறையாக வாங்கி, நிறுத்தப்பட்ட சில்லுகளைத் தொடர்ந்து தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் உண்டு. 1981-இல் தொடங்கிய அமெரிக்காவின் ராச்சஸ்டர் எலெக்ட்ரானிக்ஸ் அத்தகையது.

மொகாலியும் விக்ரமும்

இதுவரை சொன்னவை வணிகக் காரணங்களால் நேரும் மறைவு. அரசியல் காரணத்தாலும் ஓர் உறுப்பு ஒருவனுக்கு மட்டும் மறைந்துபோகும். உலகம் முழுவதும் கிடைக்கும், அவனுக்குக் கிடைக்காது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு அது நேர்ந்தது. ரஷ்யாவிடமிருந்து கிரையோஜெனிக் தொழில்நுட்பம் பெறும் உடன்பாட்டை முன்னிட்டு 1992-இல் அமெரிக்கா ஈராண்டுத் தடை விதித்தது. 1998 மே மாத அணுவெடிச் சோதனைக்குப் பிறகு தடைகள் விரிந்தன. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து விண்வெளி நிறுவனத்தின் அமைப்புகள் நீக்கப்பெற்றது 2011 ஜனவரியில்தான். ஒரு ராக்கெட்டின் வழிகாட்டும் கணிப்பொறிக்கு இந்நிலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சண்டிகருக்கு அருகே மொகாலியில் அரசு நிறுவிய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் 1984-இல் 5 மைக்ரான் முறையில் சில்லு உற்பத்தியைத் தொடங்கியது. உலக முன்னணியை எட்டிப்பிடிக்கும் தொலைவில் அன்று நாம் இருந்தோம் என்று பலரும் எழுதியுள்ளனர். 1989 பிப்ரவரி 7 அன்று ஆலை தீக்கிரையாயிற்று. அதை மீண்டும் எழுப்பப் பல ஆண்டுகள் ஆயின. சில்லுத் தொழிலில் ஆறேழு ஆண்டு என்பது இரண்டு மூன்று தலைமுறை. ஆயினும் ஆலையை மூடிவிடாமல் வைத்திருந்தார்கள். 2006-இல் அது விண்வெளித் துறையின் கீழ் ஆய்வகமாயிற்று. பிறகு 180 நானோமீட்டர் முறைக்கு உயர்ந்தது. இப்போது மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் உள்ளது.

180 நானோமீட்டர் என்பது உலகச் சந்தையில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளின் முறை. கைப்பேசிச் சில்லுகள் 3 நானோமீட்டருக்கு வந்துவிட்ட காலத்தில் அதைப் பழஞ்சரக்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. பழையது என்பது வேறு, வழக்கொழிந்தது என்பது வேறு. செய்பவன் இருக்கும்வரை ஓர் உறுப்பு வழக்கொழிவதில்லை. வாங்கி மட்டுமே பிழைப்பவனுக்கு நேற்று வந்த சில்லும் நாளை இல்லாது போகலாம்.

திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்த விக்ரம் 1601 என்ற 16 பிட் நுண்செயலி 2009 முதல் நம் ஏவூர்திகளில் பயன்பட்டு வருகிறது. மொகாலியில் 180 நானோமீட்டர் ஆலை அமைந்த பிறகு, 2016-இல் உள்நாட்டிலேயே செய்த விக்ரம் 1601 பயன்பாட்டுக்கு வந்தது. இடைப்பட்ட ஏழாண்டுகள் சிந்தனைக்குரியவை. வடிவமைப்பு கையில் இருந்தாலும், அதை வார்க்கும் உலை வேறிடத்தில் இருந்தால் பாதி உரிமைதான் கையில் இருக்கிறது.

அதன் அடுத்த தலைமுறையாகிய 32 பிட் விக்ரம் 3201, 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60 ஏவுதலில் போயம்-4 மேடையின் கணிப்பொறிக்குள் சென்று விண்வெளியில் சோதிக்கப்பெற்றது. உற்பத்தியின் முதல் தொகுதிகள் 2025 மார்ச் 5 அன்று விண்வெளித் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. ஏவூர்தியின் உள்ளே இருக்கும் கடுங்குளிர், கடுவெப்பம், அதிர்வு இவற்றைத் தாங்கத் தகுதிபெற்ற, முழுவதும் உள்நாட்டில் செய்யப்பட்ட முதல் 32 பிட் நுண்செயலி என்று அரசு அதை அறிவித்தது.

அந்த அறிவிப்பில் பலரும் கவனியாது கடந்த வரி ஒன்று தமிழாசிரியராகிய நம் கண்ணில் பட்டது. இச்செயலிக்கென்று தனியான ஆணைத்தொகுதி உண்டு. அதற்கு நிரல் எழுத ஏடா மொழி. ஏடாவில் எழுதியதைச் செயலியின் மொழிக்கு மாற்றும் நிரல்மாற்றி, இணைப்பி, பாவிப்பி ஆகிய மென்கருவிகள் அனைத்தையும் விண்வெளி நிறுவனத்தாரே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். இதன் அருமை கழுகுமலையில் நின்றால் விளங்கும். ஒருகாலத்தில் அரைமலை எனப்பட்ட இம்மலையின் சமணச் சிற்பங்களுக்குக் கீழே ஏறத்தாழ நூறு சிறு கல்வெட்டுகள் உள்ளன. இத்திருமேனியைச் செய்வித்தவர் இன்னார் என்று சொல்லும் வரிகள். குரத்தியார் எனப்பெற்ற பெண் ஆசிரியர்களும் அவர்களிடம் பயின்ற மாணாக்கரும் அவற்றில் இருக்கிறார்கள். எழுத்துக்கள் பெரும்பாலும் கல்லில் அப்படியே உள்ளன. ஆனால் சோழர் ஆட்சிக்குப் பின் பாண்டிநாட்டில் வட்டெழுத்து மெல்ல மறைந்து, தமிழ் எழுத்து அதன் இடத்தைக் கொண்டது. படிப்பவர் அற்றுப்போனதும் கல்வெட்டு வெறும் கீறலாயிற்று. பிற்காலத்தில் கல்வெட்டறிஞர்கள் முயன்று கற்று மீண்டும் படித்தார்கள். சில்லும் அத்தகையதே. அலமாரியில் ஆயிரம் சில்லு இருந்தும், அதற்கு நிரலை மாற்றித் தரும் மென்கருவி பழைய கணிப்பொறியோடு மண்ணாகிவிட்டால், அவை ஆயிரம் கல்துண்டுகள். உறுப்பைப் பாதுகாப்பதில் இந்தப் பாதியை மறந்தவர்கள் ஏராளம்.

பதினான்கு அங்குலப் பெட்டி

கரிசல் மக்கள் நேரடியாகக் கண்ட வழக்கொழிதல் ஒன்று உண்டு. 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரிக் கொள்முதல் செய்தது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பெட்டிகள் போய்ச்சேர்ந்தன. அவை கண்ணாடிக் குழாய், அதாவது பிக்சர் டியூப் கொண்ட பெட்டிகள். அதே ஆண்டுகளில்தான் உலகம் தட்டைத்திரைக்கு மாறியது. 2007-இன் இறுதியில் உலக விற்பனையில் எல்.சி.டி. பெட்டிகள் டியூப் பெட்டிகளை முந்தின. அடுத்த ஆண்டே சோனி தன் புகழ்பெற்ற டிரினிட்ரான் டியூப்பை ஏறக்குறைய கைவிட்டது.

இத்திட்டத்தை அரசியலாகப் பேசியவர்கள் பலர். தொழில்நுட்பமாகப் பேசியவர் குறைவு. சாகப்போகும் உறுப்பை நம்பி இத்தனை பெட்டிகள் வாங்கியது அறியாமை என்று சொல்லிவிடலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அன்று எளியவர் வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய விலையில் இருந்தது டியூப் பெட்டியே. மேலும் ஒரே வகைப் பெட்டி இலட்சக்கணக்கில் ஒரு வட்டாரத்தில் பரவும்போது உதிரிச் சந்தை ஒன்று தானே உண்டாகிவிடுகிறது. பலகை கெட்டால் எந்த நிறுவனப் பெட்டிக்கும் பொருந்தும் மலிவான பொதுப்பலகை, எல்.ஓ.டி. கெட்டால் வீட்டுக்கு உதவாத வேறொரு பெட்டியிலிருந்து கழற்றியது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பேருந்தில் வரும் பார்சலுக்காகக் காத்திராமல் உள்ளூரிலேயே வேலை முடியும். எண்ணிக்கையும் ஒருவகை ஆயுள்தான்.

இன்னொன்றும் அவற்றைக் காப்பாற்றியது. பெட்டியின் முகத்திலோ முதுகிலோ இருக்கும் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள். கம்பிவட ஒளிபரப்பு எண்முறைக்கு மாறியபோது பெட்டிக்குள் இருந்த அலைவாங்கி உறுப்பு ஒரே நாளில் பயனற்றுப்போனது. செட்-டாப் பாக்ஸ் வந்து அந்தத் துளைகளில் செருகிக்கொண்டது. தூர்தர்ஷனும் தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளைப் படிப்படியாக மூடிவிட்டது. டியூப் பெட்டி அதன் பிறகும் படம் காட்டியது. உள்ளிருப்பது மாறலாம், இணையும் வாய் மாறக்கூடாது என்பதை வடிவமைப்பாளர் எவரும் இதில் கற்கலாம். வால்வு செருகிய குழியின் பேரப்பிள்ளைகள் அத்துளைகள்.

கடைசியில் டியூப்பே மங்கியது. அதற்கு மாற்றில்லை. இந்தியாவில் டியூப் செய்த ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பழைய பெட்டிகள் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தன. செம்புக்கம்பியும் பிளாஸ்டிக்கும் விலைபோகும். கண்ணாடிக்குத்தான் ஆளில்லை. டியூப்பின் பின்புறக் கூம்பில் எக்ஸ் கதிரைத் தடுக்கக் காரீயம் கலந்திருப்பதால் சாதாரணக் கண்ணாடியோடு சேர்த்து உருக்க முடியாது. முன்பெல்லாம் அக்கண்ணாடியை உருக்கிப் புதிய டியூப் செய்துவந்தார்கள். புதிய டியூப் செய்வது நின்றதும் பழைய டியூப்பின் கண்ணாடிக்கு இருந்த ஒரே பெரிய வாங்குபவரும் இல்லாமற்போனார்.